கம்பவுண்டர் அருமைநாயகமும் காணாமல்போன பித்தப்பையும்

மாட்டுக்கு எத்தனை விலா எலும்பு என்று உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் சாப்பிட உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்த பிறகு. கேட்டவர் பெயர் அருமைநாயகம். எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பதிமூன்று ஜோடி என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டு, "சரிதானே அண்ணாச்சி?" என்று என்னிடமே கேட்பார். நான் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். நாலு எல்லை தெரியும், சர்வே நம்பர் தெரியும். மாட்டின் விலாவைக் கொண்டுபோய் நான் எந்தப் பத்திரத்தில் எழுத?

அருமைநாயகம் வேதக்கோயில் உபதேசியார் வீட்டுப் பிள்ளை. படித்தவுடன் வாத்தியார் வேலைக்குத்தான் போனார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒன்றாக அவர் முகத்தைப் பார்த்தால் வாய் குழறிவிடும். மாட்டிடம் பேசும்போது குழறவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று நாற்பத்தேழில் சர்க்காரின் ஓராண்டுக் கம்பவுண்டர் பயிற்சிக்குப் போய்விட்டு, அடுத்த வருஷம் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, இன்பம் என்ற பெயருடைய மனைவி, இரண்டு விரல் தடிமனில் ஒரு நோட்டு. இவ்வளவுதான் அவர் இறக்கிய சாமான்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் அறுத்துக் காட்டிய மாடுகளையும் ஆடுகளையும் உள்ளே இருந்தபடியே வரைந்து வைத்திருந்தார். சுத்த ரத்தம் ஓடும் குழாய்க்குச் சிவப்புப் பென்சில், அசுத்த ரத்தத்துக்கு நீலம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, வயிறு நாலு அறை, முதல் அறை இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், மேய்ந்ததை அதில் போட்டு வைத்துப் பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் என்று எல்லாம் மணிமணியான எழுத்தில் இருக்கும். எழுத்து நன்றாயிருந்தால் விஷயமும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைப்பது எங்கள் தொழில்காரர்களுக்கு உள்ள வியாதி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் மனிதருக்கு எப்போதும் குழப்பம். இடது பக்கம் என்றால் மாட்டுக்கு இடதா, எதிரே நிற்கிற தனக்கு இடதா என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிப்பார். தெருவில் வண்டி மாடு நின்றால் அதன் முன்னால் ஒரு நிமிஷம், பின்னால் ஒரு நிமிஷம் நிற்பார். வண்டிக்காரன் தன் மாட்டின்மேல் கண் வைக்கிறார் என்று எண்ணி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கடைசியில் தன் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். உபதேசியார் மகன் கயிறு கட்டலாமா என்று சபையில் யாரோ கேட்டபோது, "இது சாமி கயிறில்ல, மாட்டு வயித்துக்குக் கட்டினது" என்று சொல்லி அந்தக் குழப்பத்தையும் சபைக்கு ஏற்றுமதி செய்தார்.

மாட்டுக்கு வயிற்று வலி என்று வருகிறவனிடம், "எந்த வயிறு? நாலு இருக்கே" என்பார். "நாலா? ஒரு வயித்துக்கே தீவனம் போட்டு முடியல, நீரு வேற இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுதீரே" என்று குருவிகுளம் பக்கத்து ஆள் ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நானே பார்த்தேன். ஆனாலும் ஜனங்களுக்கு அவர்மேல் பிரியம் உண்டு. டாக்டர் மாட்டை எட்டி நின்று பார்ப்பார். இவர் சாணியையும் கோமியத்தையும் பாராமல் கழுத்தைக் கட்டிக்கொண்டு மருந்து புகட்டுவார்.

குதிரையைப் பற்றி அந்த நோட்டில் ஒன்றரைப் பக்கந்தான் இருந்தது. பயிற்சியின் கடைசி வாரத்தில், நேரம் போதாமல், குளம்பையும் லாடத்தையும் மட்டும் நடத்தினார்களாம். அதற்குக் கீழே அவர் கையால் ஒரு வரி: "மற்றவை மாட்டைப் போல." இந்த ஒரு வரியால்தான் ஆவுடையம்மாள் சீரழிந்தாள்.

ஆவுடையம்மாள் புல்லுக்கட்டு விற்கிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விடியுமுன்னே குளத்துக்கரை, வாய்க்கால் வரப்பு என்று அறுத்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஜட்கா ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்குவாள். ஆறு ஜட்காக் குதிரைகளுக்கும் அவள் புல்தான். தனி ஆள், வாய் கொஞ்சம் நீளம். அது இல்லாவிட்டால் ஜட்காக்காரர்கள் நடுவே பிழைக்க முடியாது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பரமசிவன் என்ற ஜட்காக்காரன் அவளோடு சண்டை பிடித்தான். புல்லில் முள் கிடந்து தன் குதிரையின் வாயைக் கிழித்துவிட்டது என்று கட்டைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தான். விடியுமுன் எழுந்து அறுத்த புல். சும்மா விடுவாளா? "ஏலே பரமசிவம், சாக்கடையில போட்டேல்லா, உன் குதிரைக்கு இனிமே தீனியே வேண்டாம்லே, பாரு!" என்று ஸ்டாண்டே கேட்கக் கத்திவிட்டாள். மறுநாள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோலப் புல் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள், தபசன்று, ரயிலுக்கும் கோயிலுக்குமாக ஜனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த குதிரை மத்தியானம் தரையில் உருண்டது. காலை உதைத்தது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, சாயங்காலம் செத்துப்போனது.

பரமசிவனுக்கு அந்தக் குதிரைதான் சொத்து, சோறு எல்லாம். நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் அவனுக்கு ஞாபகம் வந்தது ஆவுடையம்மாளின் வாய். விஷப்புல் வைத்துவிட்டாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் பிராது கொடுத்தான்.

டாக்டர் ஊரில் இல்லை. இளையரசனேந்தல் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டு, ஊசி போடக் கூடாரம் அடித்திருந்தார். ஆடி வெயிலில் செத்த குதிரையை எத்தனை நாள் போட்டு வைக்க முடியும்? மறுநாள் காலையில் ஏட்டையா நேரே அருமைநாயகத்திடம் வந்தார். "நீரும் படிச்சவருதானவே? அறுத்துப் பார்த்து நாலு வரி எழுதிக் குடும். விஷமா இல்லையா, அம்புட்டுத்தான்."

அருமைநாயகம் என் வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் ரத்தமாக இருக்கும், எழுத முடியாது, அண்ணாச்சி வந்து எழுத வேண்டும் என்றார். எனக்கு அன்றைக்கு ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. இருந்தாலும் போனேன். ஏட்டையா நாற்காலி போட்டுக் கொடுப்பார், ஊர் பார்க்கும், நான் எழுதுவேன் என்ற ஆசை. மறைப்பானேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பொட்டலில் குதிரை கிடந்தது. சுற்றிலும் திருவிழாவுக்கு வந்து மிச்சமிருந்த கூட்டம். ஆட்டுக்கறிக் கடை மைதீன்பிச்சை பாயும் வந்து முன்வரிசையில் நின்றார். உயிரினத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஊரில் அவருக்கு மேலே ஆள் கிடையாது. அருமைநாயகம் நோட்டில் மண்ணீரல் என்று எழுதி வைத்ததை அவர் சுவரொட்டி என்று தினமும் எடை போட்டு விற்கிறவர். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரரின் பக்கத்தில் ஆவுடையம்மாள் நின்றாள். புல் அறுக்கிற சேலையோடு அப்படியே கூட்டி வந்திருந்தார்கள்.

கத்தி வயிற்றைத் திறந்ததும் புளித்த தண்ணீரும் ஊறிப் பருத்த கொள்ளும் குடலுக்கு மேலெல்லாம் மிதந்தன. அருமைநாயகம் முகம் வெளுத்துவிட்டது. என் காதோரம் குனிந்து, "அண்ணாச்சி, கத்தி ஆழமாப் போயிட்டு. இரைப்பையைக் கிழிச்சிட்டேன்போல. இதை எழுத வேண்டாம்" என்றார். எழுதவில்லை. ஒரு மனிதன் கை தவறியதை ஊரறிய எழுதுவானேன் என்று நான் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். இருதயம் உண்டு. நுரையீரல் உண்டு. மண்ணீரல் உண்டு. ஈரல் உண்டு. ஈரலைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். கயிறு கட்டின கையைப் பார்த்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டுக் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

"என்னவே தேடுதீரு?" என்றார் ஏட்டையா.

"பித்தப்பை."

"ஈரலோட ஒட்டித்தானே கிடக்கும் கம்பண்டரே" என்று மைதீன்பிச்சை பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "பச்சைக் கலர்ல இருக்கும். தள்ளுங்க, நான் பார்க்கேன்." பார்த்தார். விரலால் ஈரலின் மடிப்பெல்லாம் நீவினார். எழுந்தபோது அவருக்கும் முகம் மாறியிருந்தது. "இல்ல. இருவது வருசமா ஆடு அறுக்கேன். பித்தப்பை இல்லாத ஒரு உசுரை நான் பார்த்ததில்ல."

பித்தப்பை என்றால் என்னவென்று தெரியாத ஆள் அங்கே யாரும் இல்லை. ஆட்டை உரித்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் பத்திரமாக எடுத்து எறிவார்கள். அது உடைந்தால் கறி முழுக்கக் கசந்துவிடும். ஆட்டுக்கு இருக்கிறது, மாட்டுக்கு இருக்கிறது, கோழிக்கும் இருக்கிறது. இவ்வளவு பெரிய குதிரைக்கு இல்லையென்றால் எங்கே போனது?

"விஷம் கரைச்சிருக்கும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லோரும் அருமைநாயகத்தைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள் பார்த்ததற்கே குழறின மனுஷன். அங்கே இருநூறு பேர். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "பித்தப்பை காணப்படவில்லைன்னு எழுதுங்க" என்று என்னிடம் சொன்னார். "காணலைன்னா எதனால காணலைன்னு எழுதணும்லா?" என்றார் ஏட்டையா. அருமைநாயகம் ஈரலையே பார்த்தபடி, "என்னமோ... அப்படித்தான் இருக்கும்போல" என்றார்.

பத்திரத்தில் ஒரு எல்லையைத் திறந்து விட எனக்குக் கை வராது. எழுதினேன்: "மேற்படி குதிரையின் பித்தப்பையானது கொடிய விஷப்பொருளினால் கரைந்துபோயிருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது." அழகான வாக்கியம். ஏட்டையா உரக்கப் படிக்கச் சொன்னார், நானும் குரலை ஏற்றிப் படித்தேன். அருமைநாயகம் கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, நான் அருகம்புல்லுதான்யா போட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள். "ஆறு வண்டிக்கும் ஒரே வரப்புல அறுத்த புல்லுய்யா. மத்த அஞ்சும் நிக்குதே." ஏட்டையா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் தாள் என் கையை விட்டுப் போய்விட்டது.

குடலிலும் ஈரலிலும் துண்டுகள் எடுத்துக் குப்பியில் போட்டு அரக்கு வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை ஆவுடையம்மாள் தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து கைரேகை வைத்துவிட்டு, உச்சிவேளை வரை வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். புல் விற்கிற நேரமே அதுதான். அறுத்தாலும் வாங்க ஆளில்லை. மற்ற ஐந்து ஜட்காக்காரர்களும் வேறு ஆளிடம் புல் வாங்க ஆரம்பித்தார்கள். ஆட்டுக்காரர்கள்கூட அவள் நடந்த வரப்பில் ஆட்டை விடப் பயந்தார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து சுற்றுவழியில் போனேன்.

ஒன்பதாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். அருமைநாயகம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். டாக்டர் முதலில் சிரித்தாராம். "குதிரைக்குப் பித்தப்பை ஏதுவே? ஒரு குதிரைக்கும் கிடையாதே!" என்றாராம். பிறகு சிரிப்பு நின்று, கொள்ளு எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் அருமைநாயகம் என்னிடம் வந்து சொன்னபோது அவருக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. "அண்ணாச்சி, நான் இரைப்பையைக் கிழிக்கல. அது ஏற்கெனவே வெடிச்சிருக்கு. பரமசிவன் திருவிழா அவசரத்துல கொள்ளை ஊறப்போடாம அள்ளிக் கொடுத்து, மேல தண்ணியும் காட்டியிருக்கான். உள்ள ஊறிப் பெருத்திட்டு. குதிரைக்கு உடம்பு பெருசு, இரைப்பை சின்னது. மாடுன்னா நாலு அறையில தள்ளிவிட்டு அசைபோட்டுக்கும். மனுஷன்னா வாந்தி எடுப்பான். குதிரையால வாந்தியும் எடுக்க முடியாதாம். எல்லாம் கண்ணு முன்னால கிடந்தது. அதை எழுத வேண்டாம்னு சொல்லிட்டேன். இல்லாததைத் தேடிட்டு இருந்திருக்கேன்."

"உம்ம டாக்டர் சொல்லுதது நிஜந்தானா?" என்றேன். எனக்கே சந்தேகம். பித்தம் இல்லாத பிராணி உண்டா?

"பித்தம் உண்டாம். பைதான் கிடையாதாம். இங்கிலீஷ் புஸ்தகத்தையும் காட்டினாரு. வாசிச்சேன்." மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே, "ஆனா மனசு அடங்கல அண்ணாச்சி" என்றார்.

மறுநாளே டாக்டரின் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டையா கடிதத்தை வாங்கி வழக்குக் காகிதக் கட்டோடு சேர்த்தார். "இதுவும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டதும் இருக்கட்டும். குப்பி போயிட்டுல்லா, பதில் வரட்டும்." ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னார். அவர்கள் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தார்கள். "அன்னைக்கு இருந்தது காணாமப் போச்சுன்னீரு. இன்னைக்கு இருக்கவே இருக்காதுங்கீரு. நாளைக்குக் குதிரையே இருக்காதும்பீரு." பரமசிவன் மட்டும் சிரிக்கவில்லை. ஊறப்போடாத கொள்ளு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து போய்விட்டான். தன் கையாலேயே கொன்றோம் என்பதைவிட, எவளோ கொன்றாள் என்பது அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் சென்னையிலிருந்து பதில் வந்தது. விஷம் எதுவும் காணப்படவில்லை. ஸ்டேஷனில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஊர் இருக்கிறதே, அது என்னைவிடப் பெரிய பத்திர எழுத்தர். "விஷந்தான் பித்தப்பையோட சேர்ந்து கரைஞ்சு போச்சே, அப்புறம் சென்னைக்காரன் எங்கன இருந்து கண்டுபிடிப்பான்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரிக்கு விதை போட்டது என் பேனா. ஆவுடையம்மாளின் புல்லை அதற்குப் பிறகும் ஒருவன் வாங்கவில்லை. சுள்ளி பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தாள்.

மார்கழி நடுவில் மேலநீலிதநல்லூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. பண்ணைக்காரர் சவாரி போன கிழட்டுக் குதிரை ஒன்று வயதாகிப் படுத்துவிட்டது, இன்றோ நாளையோ என்றான். அருமைநாயகம் அந்த ஆளோடேயே போய்ப் பண்ணைக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, செத்ததும் புதைக்காமல் சொல்லியனுப்ப வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு, கூட வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாகப் போனார். ஏட்டையா வரமாட்டேன் என்றார். மைதீன்பிச்சை பாய் உடனே சரியென்றார். அந்தப் பித்தப்பை அவரையும் நாலு மாதமாகத் தூங்கவிடவில்லையாம். பரமசிவனிடம் போய், "நீ வந்துதான் ஆகணும்" என்று ஒரே வார்த்தை. அவன் புதிதாக ஒரு குதிரை பிடித்திருந்தான். அந்த ஜட்காவிலேயே எல்லோரும் போவது என்று ஏற்பாடு. ஒரு ராத்திரி சேதி வந்தது; மறுநாள் காலையில், உயிருள்ள குதிரை இழுக்க, செத்த குதிரையைப் பார்க்கக் கிளம்பினோம். நான் தாளும் மையும் எடுத்துக்கொண்டேன்.

ஆவுடையம்மாள் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். ஏழெட்டு மைலையும் விடியுமுன்னே கிளம்பி நடந்தே வந்திருக்கிறாள். நாங்கள் போய் இறங்கியபோது பண்ணைத் தோப்பில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

அருமைநாயகம் கத்தியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர் சொல்லிவிட்டார், புத்தகத்தில் இருக்கிறது, இன்னும் என்ன தயக்கம்? பிறகுதான் எனக்கும் உறைத்தது. இந்தக் குதிரைக்குள் ஒரு பச்சைப் பை மட்டும் இருந்துவிட்டால், புத்தகமும் டாக்டரும் எப்படியோ போகட்டும், அந்தப் பொம்பிளை இந்த ஊரில் உயிரோடு இருக்கவே முடியாது. அவர் வயிற்றைத் திறந்து ஈரலை வெளியே தெரியும்படி ஒதுக்கி வைத்தார். தான் தேடவில்லை. "பாய், நீங்க பாருங்க" என்றார்.

மைதீன்பிச்சை பாய் பார்த்தார். அவசரப்படவில்லை. ஈரலை முன்னும் பின்னும் நீவினார், மடிப்புக்குள் விரல் விட்டார், தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இல்ல" என்றார். பிறகு பரமசிவன் பக்கம் திரும்பி, "இதுக்கு யாரு விஷம் வச்சா, சொல்லு. அன்னைக்கு ஆட்டை நினைச்சுக் குதிரையைப் பேசிட்டேன். என் தப்பு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பரமசிவனும் குனிந்து பார்த்தான். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தன் வண்டிப் பக்கம் போனான்.

"ஆவுடையம்மா, நீங்களும் கையை விட்டுப் பாருங்க" என்றார் அருமைநாயகம்.

அவள் பார்த்தாள். மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கை, கூசவில்லை. வெகு நேரம் துழாவினாள். இவ்வளவு நாள் தன்னை உட்காரவைத்த சாமான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று இடம் பார்த்துக்கொள்கிறவள் மாதிரி இருந்தது.

அருமைநாயகம் குழறாமல் விளக்கினார். "ஈரல்ல ஊறுத பித்தம் இந்தக் குழாய் வழியா நேராக் குடலுக்கு இறங்கிரும். குதிரை நாள் பூரா மேயுத சாதி. சொட்டுச் சொட்டா இறங்கிட்டே இருக்கும். சேர்த்து வைக்கப் பை வேண்டாம்." நான் தாளை விரித்து எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆவுடையம்மாள் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஆடும் நாள் பூராத்தானய்யா மேயுது. மாடும் அப்படித்தான். அதுகளுக்கு மட்டும் எதுக்குப் பை?"

இருபது வருஷமாக மூன்றுக்கும் தீனி அறுத்துப் போட்டவள் கேட்கிற கேள்வி. நான் பேனாவை நிறுத்தி அருமைநாயகத்தைப் பார்த்தேன். மைதீன்பிச்சை பாயும் பார்த்தார். அவர் ஈரலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"தெரியாதும்மா" என்றார். "டாக்டருக்கும் தெரியுமான்னு தெரியல. எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அதையும் எழுதிக்கிடுங்க" என்றார்.

'தெரியாது' என்று எழுதினேன். என் பேனா அந்தச் சொல்லை அதற்கு முன்னால் எழுதியதே கிடையாது.

ஆவுடையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, நான் எழுதி முடிக்கிறவரை அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுத்தானா அது?" என்றாள். "அன்னைக்கு இந்த ஒத்தை வார்த்தையை எழுதியிருந்தியன்னா, நான் நாலு மாசம் அந்த வாசல்ல உக்காந்திருக்க மாட்டேனேய்யா."

அருமைநாயகத்துக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கு அதுவும் வரவில்லை. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வந்த வழியே ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.